ஒரு மளிகைக் கடையை ஐந்து கடையாக வளர்ப்பது எப்படி? முதல் ஷட்டரிலிருந்து முழு வழிகாட்டி

காலை ஐந்தேகாலுக்கு ஷட்டரைத் தூக்கினால் பால் டப்புகள் வாசலில் காத்திருக்கும். அதை எண்ணி உள்ளே எடுத்து வைப்பதுதான் நான் கற்ற முதல் வேலை. பிளஸ் டூ முடித்துவிட்டுத் திசையன்விளைப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து, வில்லாபுரத்தில் ஒரு அண்ணாச்சி கடையில் ஒன்பது வருடம் நின்றேன். அப்புறம் சொந்தமாக ஒரு கடை. இன்றைக்கு ஐந்து கடை.

புதிதாகக் கடை வைத்திருக்கும் தம்பிகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, ரெண்டாவது கடை எப்ப போடலாம்?" கையில் எவ்வளவு பணம் இருந்தால் போடலாம் என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறார்கள். நான் சொல்வது இது: நீங்கள் 15 நாள் கடைப்பக்கமே போகாமல் இருந்து, திரும்பி வந்து பார்த்தால் கல்லாவும் சரக்கும் சரியாக இருக்க வேண்டும். அந்த நிலை வந்த பிறகு இரண்டாவது கடை போடலாம். அதற்கு முன்னால் போட்டால் இரண்டு கடையும் அரைக்கடையாகத்தான் ஓடும். இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் அந்த நிலைக்குக் கொண்டுபோவதற்காகத்தான்.

படி 1: இடம் பார்ப்பது

"கடை வாடகைக்கு" என்ற போர்டைப் பார்த்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மூன்று நாள் அந்தக் கடைக்கு எதிரே நில்லுங்கள். ஒரு வேலை நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை 6 முதல் 9 வரை, மாலை 5 முதல் 9:30 வரை. எத்தனை பேர் போகிறார்கள் என்பதைவிட எத்தனை பேர் அந்த இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள், எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று எண்ணுங்கள். வேகமாகப் போகும் ரோட்டில் ஆயிரம் வண்டி போனாலும் நமக்கு ஒன்றும் இல்லை.

வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களின் இடது கைப்பக்கம் கடை இருந்தால் நல்லது. காலையில் அவசரமாக வேலைக்குப் போகும் பக்கம் டீக்கடைக்குச் சரி. பால், மாவு, காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ரொட்டி, இதெல்லாம் திரும்பி வரும்போது வாங்குவது. ரோட்டில் சென்டர் மீடியன் வரப்போகிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மீடியன் போட்டால் எதிர்ப்பக்கத்து வியாபாரம் அன்றோடு போய்விடும். மழை பெய்யும் நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வாசலில் தண்ணீர் நின்றால் அரிசி மூட்டையை எங்கே வைப்பீர்கள்? நாலு டூவீலர் நிறுத்த இடமும், வயதானவர்கள் ஏறும் அளவுக்குத் தாழ்வான படியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாடகைக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. மாத வாடகை, ஒரு நாள் வியாபாரத்தைத் தாண்டக் கூடாது. நாளைக்கு 25,000 ரூபாய் வியாபாரம் எதிர்பார்க்கும் கடைக்கு 15,000 வாடகை தாங்கும். 30,000 தாங்காது.

ஒப்பந்தத்தைப் பதினொரு மாதத்துக்கு எழுதிக்கொண்டு வருடா வருடம் பயந்துகொண்டிருக்காதீர்கள். மூன்று வருடம் கேளுங்கள், வாடகை உயர்வு எத்தனை சதவீதம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள், பதிவு செய்யுங்கள். ரேக்கும் ஃப்ரிட்ஜும் வாங்கிப் போட்ட பிறகு வீட்டுக்காரர் "என் மச்சானுக்குக் கடை வேண்டும்" என்று சொன்னால் நம் கையில் காகிதம் இருக்க வேண்டும். கரண்ட் மீட்டர் தனியாக இருக்கிறதா, வணிக இணைப்பா, இரண்டு ஃப்ரிட்ஜும் ஒரு ஐஸ்கிரீம் ஃப்ரீசரும் போட்டால் லோடு தாங்குமா என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போய்ப் பாருங்கள்.

படி 2: காகித வேலைகள்

இதை நீட்ட வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு அல்லது உரிமம், மாநகராட்சி அல்லது பேரூராட்சியின் தொழில் உரிமம், சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு, எடைத் தராசுக்கு முத்திரை. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை புதுப்பிக்க வேண்டும். தேதியை காலண்டரில் எழுதி வையுங்கள். பெயர்ப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும். பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் கடை என்றால் சிகரெட், பீடி விற்கக் கூடாது.

பல கடை வைக்க நினைப்பவர்கள் மட்டும் இரண்டு விஷயத்தை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. கணக்கில் வியாபாரத் தொகை கடைக்குக் கடை பார்க்கப்படுவதில்லை. ஒரே பான் எண்ணில் உள்ள எல்லாக் கடையையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு வியாபாரம் 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். ஒன்றரைக் கோடி வரை, சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் வியாபாரத் தொகையில் 1 சதவீதம் கட்டிவிட்டுப் போகலாம், ஆனால் கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. முதல் கடை காம்போசிஷனில் சுகமாக ஓடும். இரண்டாவது கடை வந்ததும் மொத்தம் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிடும். அந்த மாற்றத்துக்கு ஆறு மாதம் முன்பே ஆடிட்டரிடம் உட்காருங்கள். இரண்டாவது விஷயம்: ஒரே மாநிலத்துக்குள் எல்லாக் கடையையும் ஒரே ஜி.எஸ்.டி. எண்ணில் கூடுதல் இடமாகச் சேர்க்கலாம், ஆனால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி.

படி 3: சரக்கும் "இல்லை நோட்டும்"

1927-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் சவுத்லேண்ட் ஐஸ் என்ற கம்பெனி ஐஸ் கட்டி விற்றுக்கொண்டிருந்தது. வீட்டு ஃப்ரிட்ஜ் பரவாத காலம். மளிகைக் கடைகள் அடைத்திருக்கும் மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஐஸ் கடை திறந்திருப்பதைப் பார்த்து, அங்கே வேலை பார்த்த ஒருவர் பாலும் ரொட்டியும் முட்டையும் வைத்து விற்க ஆரம்பித்தார். 1946-ல் காலை 7 முதல் இரவு 11 வரை திறந்திருக்கும் என்று நேரத்தையே பெயராக வைத்தார்கள். அதுதான் செவன்-இலெவன். இந்தத் தொழிலின் விதை அதுதான்: மற்ற கடை மூடியிருக்கும் நேரத்தில், வீட்டில் தீர்ந்துபோன பொருள் நம்மிடம் இருக்க வேண்டும்.

மாதச் சாமானில் பெரிய சூப்பர் மார்க்கெட்டோடு விலையில் போட்டி போட முடியாது. அவசரச் சாமானில் போடலாம். அதற்குக் கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். யாராவது ஒரு பொருள் கேட்டு "இல்லை" என்று சொல்ல நேர்ந்தால், அந்தப் பொருள், நேரம், இரண்டையும் அந்த நோட்டில் எழுத வேண்டும். நான் 2009-ல் அவனியாபுரம் ரோட்டில் கடை தொடங்கிய முதல் மாத நோட்டு இன்னும் வைத்திருக்கிறேன். ஞாயிறு இரவு 8:40, சார்ட் பேப்பர். ஞாயிறு இரவு 9:10, கிராஃப் ஷீட். இரவு 9:30, இட்லி மாவு. காலை 6, சானிட்டரி நாப்கின். மறுபடியும் ஞாயிறு இரவு சார்ட் பேப்பர், இந்தத் தடவை மூன்று பேர். பிள்ளைகள் திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டியதை ஞாயிறு இரவுதான் அம்மாவிடம் சொல்கிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு ரோல் சார்ட் பேப்பர் வாங்கி வைத்தேன். சார்ட் பேப்பரில் வரும் லாபம் சில்லறைதான். ஆனால் அதை வாங்க வரும் அம்மா, பிஸ்கட்டும் முட்டையும் சேர்த்து வாங்கிப் போவார். அடுத்த தடவை "அவங்ககிட்ட இருக்கும்" என்று நேராக நம் கடைக்கு வருவார்.

ஒரே பொருள் பத்து நாளில் மூன்று முறை நோட்டில் வந்தால் வாங்கி வையுங்கள். அதேபோல் ரேக்கில் இருபது நாள் அசையாத பொருளை டிஸ்ட்ரிபியூட்டரிடம் திருப்பிக் கொடுங்கள், எடுக்காவிட்டால் அடக்க விலைக்கே தள்ளிவிடுங்கள். சேல்ஸ்மேன் "ஒரு டஜனுக்கு ஒன்று ஃப்ரீ, நாலு கேஸ் போடுங்கண்ணே" என்பார். எட்டு நாளில் விற்கும் அளவுக்கு மேல் எந்த ஸ்கீமுக்கும் கை நீட்டாதீர்கள். எக்ஸ்பயரி தேதி பக்கத்தில் வரும்போது ஸ்கீம் கொடுத்தவர் போனை எடுக்க மாட்டார்.

கொள்முதலைப் பொறுத்தவரை, பிராண்ட் சரக்கு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் வரும். பருப்பு, எண்ணெய், மசாலாச் சாமான் மொத்த மார்க்கெட்டில் நேரில் வாங்குங்கள். எங்களுக்குக் கீழமாசி வீதி. சென்னைக்காரர்களுக்குக் கோயம்பேடு, கோயம்புத்தூருக்கு ரங்கே கவுடர் வீதி, சேலத்துக்கு லீ பஜார். பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்து, வாயில் ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்குகிற பழக்கம் போனில் ஆர்டர் போட்டால் வராது. வாரத்துக்கு ஒருமுறையாவது போங்கள்.

படி 4: உண்மையான லாபம் எவ்வளவு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 80 ரூபாய்க்கு வாங்கி 100-க்கு விற்றால், வாங்கிய விலையில் 25 சதவீதம், விற்ற விலையில் 20 சதவீதம். கடைக் கணக்கை எப்போதும் விற்ற விலையில் பாருங்கள். இரண்டையும் கலந்து பேசித்தான் பலர் "25 சதவீதம் நிற்குதே, பணம் எங்கே போச்சு" என்று தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. நாளைக்கு 25,000 வியாபாரம், மாதம் 7,50,000. பால், சிகரெட், பிராண்ட் பிஸ்கட், உதிரிப் பருப்பு எல்லாம் கலந்து சராசரி மார்ஜின் 12 சதவீதம் என்று வைத்தால் 90,000 ரூபாய். இதில் வாடகை 15,000, மூன்று பேர் சம்பளம் 42,000, கரண்ட் 9,000, டேமேஜும் எக்ஸ்பயரியும் 7,500, மற்றவை 3,000. மொத்தச் செலவு 76,500. நிற்பது 13,500. நீங்கள் காலை 5 மணியிலிருந்து இரவு 10:30 வரை நின்றதற்கான கூலி இன்னும் எழுதப்படவில்லை. உங்களுக்கு 20,000 சம்பளம் என்று எழுதினால் கடை நஷ்டத்தில் ஓடுகிறது.

தயவுசெய்து உங்கள் சம்பளத்தைச் செலவில் எழுதுங்கள். இரண்டாவது கடையில் நீங்கள் நிற்க மாட்டீர்கள், சம்பளத்துக்கு ஆள்தான் நிற்பார். உங்கள் இலவச உழைப்பில் லாபம் காட்டும் கடையை நகல் எடுத்தால் நஷ்டம்தான் நகலாகும்.

இதை எப்படிச் சரி செய்வது? வியாபாரத்தை இரட்டிப்பாக்குவது கடினம். மார்ஜினை 12-லிருந்து 15-க்குக் கொண்டுவருவது அதைவிட எளிது, அதில் மாதம் 22,500 கூடுதலாகக் கிடைக்கும். நாமே சுத்தம் செய்து பாக்கெட் போடும் பருப்பு, மசாலாச் சாமான், பக்கத்து வீட்டு அக்காவிடம் வாங்கும் மாவு, முறுக்கு, ஊறுகாய், பூஜைச் சாமான், ஸ்டேஷனரி. இவற்றுக்குக் கண்ணுக்கு நேரான ரேக் கொடுங்கள். பிராண்ட் பிஸ்கட் எந்த மூலையில் இருந்தாலும் ஜனங்கள் தேடி எடுப்பார்கள்.

இன்னொன்று. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து உறவின்முறைகள், அதாவது வியாபாரிகளின் சமூகச் சங்கங்கள், மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து வைத்துத்தான் பள்ளிக்கூடமும் கல்லூரியும் கட்டினார்கள். அதே முறையை நான் கடைக்கு எடுத்துக்கொண்டேன். தினம் கல்லா அடைக்கும்போது வியாபாரத்தில் 1 சதவீதம் தனி வங்கிக் கணக்குக்குப் போய்விடும். 25,000 என்றால் 250 ரூபாய். வருடத்துக்கு 91,000 ரூபாய்க்கு மேல் சேரும். லாபம் வந்த நாள், வராத நாள் என்ற வித்தியாசமே கிடையாது. என் இரண்டாவது கடையின் அட்வான்ஸ் அந்தக் கணக்கிலிருந்துதான் போனது.

படி 5: பாக்கி நோட்டும் தண்டலும்

கடன் கொடுக்காமல் தெருக்கடை நடத்த முடியாது. சம்பளம் 1-ஆம் தேதி வாங்கும் வீடு, 25-ஆம் தேதி எண்ணெய்க்கு உங்களிடம்தான் வரும். கொடுங்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு உச்சவரம்பு வைத்து, அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பாக்கி மொத்தம் நான்கு நாள் வியாபாரத்தைத் தாண்டினால் புதுப் பாக்கியை நிறுத்துங்கள். வசூலைக் கல்லாவில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். ஒருமுறை என் கடைப் பையன் ஒரு அம்மாவிடம் நாலு பேர் இருக்கும்போது "போன மாசப் பாக்கி" என்றான். அவர் அன்று மாலையே பணத்தை முழுதாகக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாருமே வரவில்லை. பதினோரு வருடம் தினமும் வந்த வீடு.

நாம் வாங்கும் கடனுக்கு வருவோம். கடை ஆரம்பித்த சில வாரத்திலேயே தண்டல்காரர் வந்து நிற்பார். 10,000-க்கு 9,000 கையில் கொடுத்து, நாளைக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார். வெறும் ஆயிரம்தானே என்று தோன்றும். ஆனால் அசலும் தினம் குறைந்துகொண்டே வருகிறது. அதைப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு 80 சதவீதம் பக்கம் வரும். 3 சதவீதம், 5 சதவீதம் நிற்கும் தொழிலில் அதைக் கட்டவே முடியாது. அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது. அதைவிட நல்ல பாதுகாப்பு, முதல் நாளிலிருந்தே எல்லா வரவையும் வங்கி வழியாகக் காட்டுவது. இரண்டு வருட வங்கிக் கணக்கும் வருமான வரி ரிட்டர்னும் இருந்தால் முத்ரா கடனோ, சரக்கின் மேல் சி.சி. கணக்கோ (தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் வங்கிக் கடன்) கேட்டுப் போகலாம். கேட்ட முதல் கிளை இல்லை என்றால் அடுத்த வங்கிக்குப் போங்கள். நான் மூன்றாவது வங்கியில்தான் வாங்கினேன்.

படி 6: நீங்கள் இல்லாமல் கடை ஓடுவது

எல்லாவற்றிலும் கடினமான படி இதுதான். பல வருடம் கடை நடத்தினவர்கள்கூட இதைத் தாண்டாமல் நின்றுவிடுகிறார்கள். காரணம், விலை தலைக்குள் இருக்கிறது, பாக்கி தலைக்குள் இருக்கிறது, எந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதும் தலைக்குள் இருக்கிறது. தலையில் உள்ளதை எல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

பார்கோடு ஸ்கேனரும் பில்லிங் சாஃப்ட்வேரும் முதல் கடையிலேயே போடுங்கள். பில் இல்லாமல் ஒரு மிட்டாய்கூட வெளியே போகக் கூடாது, உங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகும் காபித்தூள் உட்பட. நீங்களே பில் போடாமல் எடுத்தால் கடைப் பையன் எதைக் கற்றுக்கொள்வான்? யு.பி.ஐ. கியூஆர் கோடு கடையின் வங்கிக் கணக்கில் மட்டும் இருக்கட்டும். பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் கல்லாப் பக்கத்தில் இருக்கட்டும். போனைக் காட்டி "அனுப்பிட்டேன்" என்பதை நம்பி அனுப்பாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை சித்திரையில் ஸ்டாக் எடுப்பது பழைய வழக்கம். அதில் காணாமல் போனது எப்போது போனது என்று தெரியவே தெரியாது. அதற்குப் பதில் தினம் 20 பொருள் எண்ணுங்கள். கடையில் 1,200 பொருள் இருந்தாலும் இரண்டு மாதத்தில் ஒரு சுற்று வந்துவிடும். சிகரெட், சாக்லேட், ஷேவிங் பிளேடு, நெய் இந்த நான்கும் மட்டும் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் எண்ண வேண்டும். இவைதான் சின்னதாக, விலை கூடுதலாக, பாக்கெட்டில் அடங்குவதாக இருக்கின்றன.

அப்புறம் சோதனை. குடும்பத்தோடு ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போங்கள். முதலில் மூன்று நாள், ஆறு மாதம் கழித்து ஒரு வாரம், பிறகு 15 நாள். போகும்போது கேமராவை போனில் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். திரும்பி வந்து மூன்றைப் பாருங்கள்: சரக்குக் குறைவு எவ்வளவு, "இல்லை நோட்டு" எழுதப்பட்டிருக்கிறதா, எந்தப் பிரச்சினைக்கு உங்களுக்கு போன் வந்தது. வந்த ஒவ்வொரு போனும், நீங்கள் இன்னும் எழுதி வைக்காத ஒரு விதி. எனக்கு முதல் தடவை மூன்று நாளில் 41 போன் வந்தது. 15 நாளில் நாலே போன் என்ற நிலைக்கு வர இரண்டரை வருடம் ஆனது.

படி 7: ஆள்

என் காலத்தில் ஊரிலிருந்து பையன்கள் வந்து கடையிலேயே தங்கி வேலை பார்த்தார்கள். இன்று அப்படி யாரும் வருவதில்லை, வர வேண்டியதும் இல்லை. என் கடைகளில் பாதிக்கு மேல் அதே தெருவில் இருக்கும் பெண்கள். காலை ஷிஃப்ட் 6 முதல் 2, மாலை ஷிஃப்ட் 2 முதல் 10. அவர்களுக்குத் தெருவில் யார் வீட்டில் என்ன தேவை என்று தெரியும். உட்கார நாற்காலி கொடுங்கள். 2021-ல் தமிழ்நாட்டில் இதற்காகச் சட்டமே திருத்தினார்கள். பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்ய வேண்டும். கடைகள் கூடும்போது எல்லாக் கடை ஆட்களையும் சேர்த்து எண்ணுங்கள்: பத்துப் பேர் வந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேர் வந்தால் பி.எஃப்.

ஒவ்வொரு கடைக்கும் பொறுப்பாளர் வேண்டும். அவரை வெளியிலிருந்து எடுக்காதீர்கள். தென்மாவட்டத்து வியாபாரிகளிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஏழெட்டு வருடம் நாணயமாக நின்ற பையனுக்கு முதலாளியே இன்னொரு ஏரியாவில் கடை வைத்துக் கொடுப்பார், அல்லது பங்கு சேர்த்துக்கொள்வார். என் அண்ணாச்சி எனக்கு முதல் சரக்கைக் கடனாகப் போட்டுக் கொடுத்தார். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய்ச் சரக்கு. காகிதம் எதுவும் எழுதவில்லை. நான் 19 மாதத்தில் கட்டி முடித்த அன்று, கணக்கு நோட்டில் என் பெயர் இருந்த பக்கத்தை என் முன்னாலேயே குறுக்குக் கோடு போட்டு அடித்தார்.

நான் அதையே கொஞ்சம் மாற்றிச் செய்கிறேன், ஆனால் எழுத்தில். பொறுப்பாளருக்குச் சம்பளம் தவிர அந்தக் கடையின் நிகர லாபத்தில் 15 சதவீதம். சரக்குக் குறைவு வியாபாரத்தில் அரை சதவீதத்தைத் தாண்டினால் அது அவர் பங்கில் கழியும். கணக்கை மாதம் 5-ஆம் தேதி அவரோடு உட்கார்ந்து பார்க்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லாத கணக்கைத்தான் பங்காளி நம்புவார்.

படி 8: இரண்டாவது கடையை எங்கே போடுவது

என் பெரிய தவறு இங்கே நடந்தது. இரண்டாவது கடை நன்றாக ஓடிய தைரியத்தில் மூன்றாவதை மேலூரில் போட்டேன். நல்ல இடம், குறைந்த வாடகை. ஆனால் எங்கள் கடைகள் மதுரைக்குத் தெற்கே. மேலூருக்குப் போக ஊரைக் கடந்து முப்பது கிலோமீட்டர். தனி வண்டி, தனி டிஸ்ட்ரிபியூட்டர்கள், ஒரு ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் அனுப்ப வழி இல்லை. அவனியாபுரத்தில் தேங்கிய சரக்கை அங்கே மாற்றவும் முடியவில்லை. 14 மாதத்தில் மூடினேன்.

ஜப்பானில் செவன்-இலெவனின் முதல் கடை 1974-ல் டோக்கியோவின் டொயோசுவில் திறந்தது. ஒரு இளைஞர் நடத்திய குடும்ப மதுக்கடைதான் அப்படி மாறியது. அதை முன்னின்று நடத்திய டொஷிஃபுமி சுசுகி நாடு முழுக்கக் கடைகளைத் தூவவில்லை. ஒரே பகுதியில் நெருக்கமாக அடுத்தடுத்துத் திறந்தார். பக்கத்தில் பக்கத்தில் கடை இருந்தால்தான் சரக்கு வண்டி ஒரே சுற்றில் பல கடைக்கும் சின்னச் சின்ன அளவில் சரக்கு இறக்க முடியும். சின்ன அளவில் சரக்கு வந்தால்தான் சின்ன இடத்தில் கடை நடத்த முடியும். மேலூரில் நான் பணம் கட்டிக் கற்றது இதைத்தான்.

இப்போது என் விதி: கீழமாசி வீதியில் காலை சரக்கு ஏற்றும் லோடு ஆட்டோ, எல்லாக் கடையிலும் இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குள் திரும்ப வேண்டும். வில்லாபுரம், அவனியாபுரம், ஜெய்ஹிந்துபுரம், பழங்காநத்தம், பசுமலை. அந்தச் சுற்றுக்குள் வராத இடத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பார்க்கப் போவதில்லை. அதே சமயம் ஒன்றின் வாடிக்கையாளரை மற்றொன்று தின்றுவிடாமல் இருக்க, நடந்து வரும் தூரம் ஒன்றின் மேல் ஒன்று விழக் கூடாது. எங்கள் ஏரியாவில் ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளி போதுமாக இருக்கிறது.

படி 9: குடோன்

இரண்டு கடை வரை முதல் கடையின் பின்பக்கமே குடோன். மூன்றாவது வந்ததும் தனியாக எடுங்கள், ரோட்டுப் பக்கம் வேண்டாம், உள் தெருவில் வாடகை குறைவு. மூட்டைகள் தரையில் நேரடியாகப் படக் கூடாது, சுவரை ஒட்டவும் கூடாது. எலியும் ஈரமும் அங்கிருந்துதான் வரும். புதுச் சரக்கு பின்னால், பழைய சரக்கு முன்னால்.

பருப்பு, மசாலாவைச் சொந்தப் பெயரில் பாக்கெட் போட இதுதான் நேரம். பாக்கெட் போட்டவரின் பெயர், முகவரி, எடை, எம்.ஆர்.பி., தேதி, புகார் எண் எல்லாம் லேபிளில் வேண்டும். 2022 ஜூலையிலிருந்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையுள்ள அரிசி, பருப்புப் பாக்கெட்டுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, உதிரியாக எடை போட்டுக் கொடுத்தால் இல்லை. அந்த 5 சதவீதத்தையும் சேர்த்துத்தான் விலை போடுங்கள்.

படி 10: ஓடும் கடையை வாங்குவது

கனடாவின் கியூபெக் மாநிலத்துக்காரர் அலேன் பூஷார். இளம் வயதில் மற்றவர்களின் மூலைக்கடைகளில் வேலை பார்த்துத் தொழில் கற்றார். ப்ரோவி-சுவார் என்ற கடைத்தொடரை வளர்ப்பதிலும் அவர் உழைப்பு இருந்தது. 1980-ல் மான்ட்ரியலை ஒட்டிய லவாலில் சொந்தமாக ஒரு கடை. பிறகு கூஷ்-டார் என்ற பெயர், அதாவது இரவு வெகுநேரம் கழித்துப் படுக்கிறவர், சின்னமாக ஆந்தை. 1997-ல் அதே ப்ரோவி-சுவார் கடைத்தொடரை வாங்கினார். 2003-ல் அமெரிக்காவின் சர்க்கிள் கே. 2024-ல் அவர் கம்பெனி செவன்-இலெவனின் ஜப்பானியத் தாய் நிறுவனத்தையே விலைக்குக் கேட்டது. அது நடக்காமல் 2025 ஜூலையில் பின்வாங்கினார்கள். இவரிடம் நாம் கற்க வேண்டியது, புதிதாகக் கட்டுவதைவிட ஏற்கெனவே ஜனங்கள் வந்து பழகிய கடையை வாங்குவதில் அவர் காட்டிய பொறுமை.

நம் ஊரிலும் இந்த வாய்ப்பு நிறைய இருக்கிறது. முப்பது வருடம் கடை நடத்திய அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. பையன் பெங்களூரில் ஐ.டி. வேலை. என் நான்காவது கடையும் ஐந்தாவது கடையும் அப்படி வந்தவைதான். வாங்கும்போது சரக்கை எம்.ஆர்.பி.யில் மதிப்பிடாதீர்கள், கொள்முதல் பில்லைப் பார்த்து அடக்க விலையில் மதிப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குள் எக்ஸ்பயரி ஆகும் சரக்கைத் தனியே ஒதுக்குங்கள். பாக்கி நோட்டை விலைக்கு வாங்காதீர்கள். வசூலாக வசூலாகப் பழைய முதலாளிக்கே கொடுப்பதாகப் பேசுங்கள். வீட்டுக்காரரிடம் புது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் பணம்.

இன்னொரு நிபந்தனையையும் நான் சேர்ப்பேன். பழைய அண்ணாச்சி மூன்று மாதம், காலையில் இரண்டு மணி நேரம் அதே ஸ்டூலில் வந்து உட்கார வேண்டும். அதற்குச் சம்பளம் உண்டு. பழங்காநத்தம் கடையை எடுத்தபோது பெரியவர் அப்படி உட்கார்ந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் "நம்ம தம்பிதான், நானே வச்ச ஆளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் வீட்டுக்கு எந்த அரிசி, யார் சர்க்கரை வாங்க மாட்டார்கள், யாரிடம் பாக்கி கேட்கக் கூடாது என்று என் பொறுப்பாளர் ஒரு நோட்டு முழுக்க எழுதிக்கொண்டார். மூன்று மாதம் முடிந்தது. பெரியவர் இன்றும் காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறார். ஸ்டூலை நாங்கள் எடுக்கவில்லை.